தென்சென்னையின் கனிப்புதர்கள்

தென்சென்னையின் கனிப்புதர்கள் என்பவை கிண்டி, அடையாறு, மயிலாப்பூர், மாம்பலம் பகுதிகளின் மணற்பாங்கான செம்மண்ணிலும் கழிமுகக் கரைகளிலும் இயல்பாக வளர்ந்த, சிறுகனி தரும் நாட்டுப் புதர்ச் செடிகள். வெள்ளைப்பூலா, முட்சங்கன், சூரை, காரை, களா, காயா, மிளகரணை, குரங்குவெற்றிலை ஆகியவை இவற்றில் முக்கியமானவை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டியும் அதைத் தொடரும் மார்கழி, தை மாதங்களிலும் இவற்றில் பல கனிந்திருக்கும். சென்னைத் தோட்டக்கலை வரலாற்றில் இச்செடிகள் நெடுங்காலம் களைய வேண்டிய முட்புதர்களாகவே கருதப்பட்டன. இவற்றை விதைத்து வளர்க்கும் முயற்சி 21-ஆம் நூற்றாண்டில்தான் நகரில் பெரிய அளவில் நடந்தது.

மலையின் ஹாலியும் கரையின் பூலாவும்

குளிர்காலக் கனிச்செடி என்றவுடன் உலகத் தோட்டக்கலை நூல்கள் முதலில் சொல்வது ஹாலி என்னும் ஐலெக்ஸ் பேரினத்தை. ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் அட்டைகளில் சிவப்புக் கனிகளோடு காணப்படும் முள்ளிலைச் செடி இதைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரிய ஐலெக்ஸ் வெர்டிசில்லாட்டா என்ற இனம் இலையுதிர்க்கும் ஹாலி. இலைகள் முழுதும் உதிர்ந்தபின் வெறுங்கிளைகளில் சிவப்புக் கனிகள் மட்டும் பனியில் நிற்கும். அதற்காகவே அங்கு வீட்டுத் தோட்டங்களில் அதை வளர்க்கிறார்கள். ஹாலிக்கு ஓர் இயல்பு உண்டு. ஆண் பூக்கள் ஒரு செடியிலும் பெண் பூக்கள் வேறொரு செடியிலும் பூக்கும். பெண் செடி மட்டுமே கனி தரும். அருகே ஆண் செடி இல்லாவிட்டால் அதுவும் தராது.

தமிழகத்திலும் ஹாலி உண்டு. ஐலெக்ஸ் வைட்டியானா, ஐலெக்ஸ் டென்டிகுலாட்டா ஆகிய இரண்டும் நீலகிரி போன்ற மலைகளின் சோலைக்காடுகளில் வளரும் பசுமைமாறா மரங்கள். குளிர்ந்த, ஈரமான மலையுச்சிக்குரிய இவை சென்னையின் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் உரியவை அல்ல.

கடற்கரைச் சமவெளியில் ஹாலியின் இடத்துக்கு மிக நெருக்கமான செடி வெள்ளைப்பூலா. இதன் தாவரவியல் பெயர் ஃப்ளூகியா லூக்கோபைரஸ். இது ஹாலிக்கு உறவல்ல. நெல்லி, கீழாநெல்லி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் இதுவும் இலையுதிர்க்கும் புதர். கிளைநுனிகள் முள்ளாக முடியும். கனிகள் மிளகளவில், மெழுகுபோன்ற வெண்ணிறத்தில் கிளை நெடுகக் காய்க்கும். ஹாலியைப் போலவே ஆண் செடி தனி, பெண் செடி தனி. பொங்கல் காப்புக்கட்டில் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேரும் பூளைப்பூ வேறு செடி. பெயர் ஒலிப்பால் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். பூலா என்ற பெயரில் கருநீலக் கனி தரும் மற்றொரு செடியும் உண்டு. அதில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியிலேயே இருக்கும்.

முட்சங்கனும் ஆண், பெண் வேறுபட்டது. இலைக்கணுவில் நான்கு கூர்முட்கள், வெண்ணிறக் கனிகள் ஆகியவற்றால் இதை எளிதில் அறியலாம். புதர்களுக்கு மேல் உயரும் சிறுமரங்களில் வீரையும் அவ்வகையே; அதன் கனி சிவப்பு. பாடநூல்கள் இவற்றை ஈரில்லத் தாவரங்கள் என்கின்றன. தமிழர்களுக்கு இது புதிய செய்தியல்ல. நுங்கு தராத ஆண்பனையை அலகுப்பனை என்றும், நுங்கு தரும் பெண்பனையைப் பருவப்பனை என்றும் பனையேறிகள் பிரித்தே அழைத்தனர். புதர்ச் செடிகளின் விஷயத்தில் அந்த அறிவு தோட்டக்காரர்களிடம் சென்று சேரவில்லை. அதன் விளைவு பிற்காலத்தில் தெரிந்தது.

கரையோரக் காடு

சோழமண்டலக் கரையின் இயற்கைத் தாவரத் தொகுதி வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு எனப்படுகிறது. இந்தியக் காடுகளை வகைப்படுத்திய ஹாரி சாம்பியன், எஸ்.கே. சேத் ஆகியோரின் 1968-ஆம் ஆண்டு நூல் இதைத் தனி வகையாகவே வைத்தது. பெயரே முரண்பட்டது போலத் தோன்றும். ஆண்டில் ஆறு மாதத்துக்குமேல் வறட்சி நிலவும் இடத்தில் பெரும்பாலான மரங்கள் பசுமை மாறாமல் நிற்கின்றன. தடித்த, பளபளப்பான சிறிய இலைகளும், கடற்காற்றின் ஈரமும், ஆழமாகச் செல்லும் வேர்களும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும்.

இக்காடு உயரமானதல்ல. மரங்கள் பத்து, பன்னிரண்டு மீட்டரைத் தாண்டுவது அரிது. மரத்துக்கும் புதருக்கும் இடையில் தெளிவான எல்லை இல்லை. கொடிகள் இரண்டையும் பின்னிப் பிணைத்திருக்கும். இங்குள்ள மரம், புதர், கொடி ஆகியவற்றில் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள சிறுகனிகளைத் தருபவை. அவற்றைத் தின்று விதைகளைப் பரப்புவது சின்னான், குயில், பூக்கொத்தி, மரநாய், நரி போன்ற உயிர்களின் வேலை. குளிர்கால விருந்தாளியான சூறைக்குருவிகளும் இக்கனிகளை நாடி வரும். கனிப்புதர் இல்லாத இடத்தில் அப்பறவைகள் குறையும்; பறவைகள் குறைந்த இடத்தில் புதிய புதர் முளைக்காது.

குறிஞ்சிப்பாட்டின் பூக்களின் பட்டியலில் இடம்பெறும் காயா இக்காட்டின் செடி. களாவும் சூரையும் இலந்தையும் காரையும் சிறுவர்கள் பறித்துத் தின்னும் கனிகளாக அண்மைக்காலம் வரை புழக்கத்தில் இருந்தன. எனினும் மக்களின் பாதுகாப்பு தனி மரங்களுக்கே கிடைத்தது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை; திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலின் தலமரம் வன்னி. கோயிலைச் சுற்றியிருந்த புதர்க்காடு மாடவீதிகளாகவும் அக்கிரகாரமாகவும் தென்னந்தோப்பாகவும் மாறியபோது அந்த ஒற்றை மரங்கள் மட்டும் எஞ்சின. காடு முழுவதையும் தெய்வத்துக்கு விட்டுவைக்கும் கோயில்காட்டு மரபு சென்னைக்குள் நிலைக்கவில்லை. புதுச்சேரிக்கு அருகிலுள்ள புத்துப்பட்டு போன்ற ஊர்களில் அது நிலைத்தது. பிற்காலத்தில் அது சென்னைக்கே உதவியது.

வரைந்தவர்களும் பெயரிட்டவர்களும்

ஐரோப்பியர் இச்செடிகளைக் கவனிக்காமல் விட்டனர் என்று சொல்ல முடியாது. 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த மதபோதகர் யோகான் பீட்டர் ராட்லர் கரையோரம் முழுதும் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பின்னர் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1836-இல் மறைந்தார். தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவரும் இவரே. வில்லியம் ராக்ஸ்பரோ சோழமண்டலக் கரைச் செடிகளை ஓவியங்களோடு விளக்கும் பெருநூலை 1795 முதல் வெளியிடத் தொடங்கினார்.

இவ்வரிசையில் சென்னையோடு மிக நெருக்கமானவர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரான இவர் 1819-இல் கிழக்கிந்திய கம்பெனிப் பணியில் சென்னைக்கு வந்தார். நீலகிரியின் ஹாலியான ஐலெக்ஸ் வைட்டியானா இவர் பெயரைத் தாங்குவது. தென்னிந்தியத் தாவரங்கள் குறித்து இவர் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ‘ஐகோன்ஸ்’ நூல் வரிசையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. மூல ஓவியங்களைத் தீட்டியவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். வைட் அவர்கள் பெயரை நூல்களில் குறிப்பிட்டார். அக்காலத்தில் எல்லா நூலாசிரியர்களும் அந்த நாகரிகத்தைக் காட்டியதில்லை.

1835-இல் சென்னை வேளாண்–தோட்டக்கலைச் சங்கம் உருவானபோது அதன் முன்னோடிகளில் ஒருவராக வைட் இருந்தார். மயிலாப்பூருக்கு மேற்கே கதீட்ரல் சாலையில் அச்சங்கத்தின் தோட்டம் அமைந்தது. ஆயிரக்கணக்கான நாட்டுச் செடிகளை ஆராய்ந்த ஒருவர் தொடங்க உதவிய சங்கம், நாட்டுச் செடிகளை வளர்ப்பதைத் தன் வேலையாகக் கொள்ளவில்லை. பயிர் மேம்பாடு, வெளிநாட்டுப் பழமரங்கள், அலங்காரச் செடிகள், மலர்க் கண்காட்சி ஆகியவையே அதன் அக்கறைகள். இதில் வியப்பில்லை. அக்காலத் தாவரவியலில் செடியை அறிவது ஒரு வேலை, வளர்ப்பது வேறொரு வேலை. நாட்டுப் புதர் உலர்தாவரத் தொகுப்புக்குரியது. தோட்டம் கடல்கடந்து வந்த செடிக்குரியது.

இந்த மனப்பாங்கு வைட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நுங்கம்பாக்கத்தில் தாவரத் தோட்டமும், அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமும் அமைத்தார். கள்ளியில் வாழும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பது நோக்கம். திட்டம் வணிகமாக வெற்றி பெறவில்லை.

வெளியிலிருந்து வந்த புதர்களில் சென்னை நிலத்தை உண்மையில் வென்றவை வேறு இரண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அலங்காரச் செடியாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த உண்ணிச்செடி ஒன்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் மற்றொன்று. உண்ணிச்செடி கனி தரும் புதர் என்பது கவனிக்க வேண்டியது. நாட்டுப் புதர்களின் கனிகளைத் தின்ற அதே சின்னான்களே இதன் கருநீலக் கனிகளையும் தின்று பரப்பின. நாட்டுப் புதர்களின் இடத்தை அது பிடித்தபோது, அதற்கு உதவிய பறவைகள் அவற்றுக்கு உரியவையே.

மயூரநாதனின் பட்டியல்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பி.வி. மயூரநாதன் 1929-இல் சென்னை நகரின், சுற்றுப்புறத்தின் பூக்கும் தாவரங்கள் குறித்த நூலை வெளியிட்டார். தனித்தனி நிலங்களாகக் கரையோரப் புதர்க்காடு நகருக்குள் இன்னும் எஞ்சியிருந்த காலம் அது. எந்தச் செடி நகரின் எந்தப் பகுதியில் கிடைக்கிறது என்று பதிவு செய்த இந்நூல், பின்னர் காணாமற்போனவற்றின் கணக்கேடாகவும் ஆனது. லிவிங்ஸ்டன், ஹென்றி ஆகியோர் 1994-இல் இதைத் திருத்தி விரிவாக்கி வெளியிட்டனர்.

மயூரநாதனின் நூல் வெளிவந்த அதே காலத்தில்தான் தென்சென்னை வேகமாக வீட்டுமனைகளாக மாறியது. மாம்பலத்தின் நீண்ட ஏரி 1920-களில் வடிக்கப்பட்டு தியாகராய நகர் உருவானது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரில் அமைந்த அந்நகரின் வீடுகள் சுற்றுச்சுவரும் தோட்டமும் கொண்டவை. மா, தென்னை, வேம்பு, முருங்கை கொல்லைப்புறத்தில் நின்றன. நந்தியாவட்டை, பவழமல்லி, செம்பருத்தி பூசைக்காக வாசல்புறத்தில் நின்றன. வேலிக்கு மருதாணியும் கொடுக்காப்புளியும். தெருக்களில் தூங்குமூஞ்சி, மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொகர், இயல்வாகை. இவற்றில் நாட்டுக் கனிப்புதருக்கு இடமில்லை. முள் இருந்தது முதற்காரணம். புதரில் பாம்பு அடையும் என்ற அச்சம் இரண்டாவது காரணம். அது முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல. அக்கால மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளில் மக்கள் விரும்பி வளர்த்த ஒரே நாட்டுச் சிறுகனி மணத்தக்காளியாகத்தான் இருக்கும். வற்றலுக்குப் பயன்பட்டதால் அது தப்பித்தது.

கிண்டியும் அடையாறும்

புதர்க்காடு பெரிய அளவில் எஞ்சியது சுவருக்குள் அடைபட்ட நிலங்களில் மட்டுமே. கிண்டிக் காட்டை அரசு 1821-இல் ஒரு தனியாரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு வாங்கியது. ஆளுநரின் இல்லமும் வேட்டைநிலமும் அங்கு அமைந்தன. 1910-இல் 505 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஆளுநரின் வசதிக்காகக் காக்கப்பட்டதால் வீட்டுமனைக்காரர்கள் அங்கு நெருங்கவில்லை. விடுதலைக்குப்பின் நிலைமை மாறியது. 1950-களின் இறுதியில் சென்னை ஐஐடிக்கும் சிறுவர் பூங்காவுக்கும் நிலம் பிரிக்கப்பட்டது. 1970-களில் ராஜாஜி, காமராசர் நினைவிடங்களும் அதில் எழுந்தன. எஞ்சிய ஏறத்தாழ 270 ஹெக்டேர் 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று 350-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் அங்கு பதிவாகியுள்ளன. நகரின் நடுவில் இவ்வளவு பெரிய புதர்க்காடு எஞ்சியிருப்பது இந்திய நகரங்களில் அரிது.

ஆற்றின் வடகரையில் புதர் அழிந்துகொண்டிருந்தபோது தென்கரையில் பிரம்மஞான சபை தோட்டம் வளர்ந்துகொண்டிருந்தது. பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் 1882-இல் ஹடல்ஸ்டன் தோட்டத்தை வாங்கிச் சபையின் தலைமையகத்தை அங்கு மாற்றினர். அன்னி பெசன்ட் 1907-இல் தலைவரான பிறகு சுற்றியிருந்த தோப்புகளும் வாங்கப்பட்டு, ஏறத்தாழ 250 ஏக்கர் பரப்பாக வளாகம் விரிந்தது. பல நாடுகளிலிருந்து வந்த மரங்கள் அங்கு நடப்பட்டன. புகழ்பெற்ற அடையாறு ஆலமரத்தின் நடுத்தண்டு 1989-இல் புயற்காற்றில் சாய்ந்தது. விழுதுகளால் மரம் தொடர்கிறது. உலக மரங்களை நடுவதே அத்தோட்டத்தின் நோக்கம். ஆனாலும் கட்டடம் எழாத பெருநிலமாக நூறாண்டுக்குமேல் இருந்ததால், தோப்புகளுக்கு இடையில் நாட்டுப் புதர்களுக்கும் ஒதுங்க இடம் கிடைத்தது.

சுவர் காத்தது, ஆனால் பரவ விடவில்லை. தேசியப் பூங்காவிலிருந்து அனுமதியின்றி விதையோ கனியோ எடுத்துவர வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம்தராது. கிண்டியில் புதர் நிறைந்திருந்தும் சுவருக்கு வெளியே சைதாப்பேட்டையிலோ அடையாறிலோ ஒரு நாற்றங்காலில்கூட அது விற்பனைக்கு வரவில்லை. விதையைச் சுவர் தாண்டிக் கொண்டுபோகும் உரிமை பறவைகளுக்கு மட்டுமே இருந்தது. அவை கொண்டுபோய் இட்ட இடங்களில் சாலை போடப்பட்டிருந்தது.

இரண்டு பூங்காக்கள்

2010 நவம்பர் 24 அன்று கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த, வேளாண்–தோட்டக்கலைச் சங்கத்தோடு தொடர்புடைய நிலம் அது. ஏறத்தாழ இரு மாதங்கள் கழித்து, 2011 ஜனவரியில், ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட அடையாற்றுக் கழிமுகத்தில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. இரண்டையும் திறந்துவைத்தவர் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம்தான். தோட்டம் என்றால் என்ன என்ற கேள்விக்கு இரண்டும் எதிரெதிரான விடைகள். முதலாவதில் பல நாட்டு அலங்காரச் செடிகள், வெட்டி வடிவமைத்த புதர்கள், புல்வெளி. சங்கம் 1835-இல் தொடங்கிய வழியின் நேர் தொடர்ச்சி அது. இரண்டாவதில் இந்த மண்ணில் முன்பு வளர்ந்தவை மட்டுமே.

தொல்காப்பியப் பூங்காவின் முதற்கட்டப் பரப்பு 58 ஏக்கர். கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டப்பட்டு, கழிவுநீர் தேங்கி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த இடம் அது. கழிமுகத்தைக் காக்கவேண்டும் என்று குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றம் வரை சென்றிருந்தன. 2006-இல் அடையாறு பூங்கா அறக்கட்டளையை அரசு நிறுவியது. பின்னர் அது சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆனது. வடிவமைப்பும் நடவும் ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன.

சென்னைக்கு வெளியிலிருந்து ஒரு குழு ஏன் வரவேண்டும் என்பதற்கு விடை நாற்றில் இருக்கிறது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மழையால் அரிக்கப்பட்ட செம்மண் வெளி. அங்குள்ளோர் முதலில் வேகமாக வளரும் வெளிநாட்டு மரங்களையும் நட்டனர். பிறகு புத்துப்பட்டு போன்ற கோயில்காடுகளைப் பார்த்து, இம்மண்ணுக்குரிய காடு எது என்பதை அறிந்து, அவற்றின் விதைகளைச் சேகரித்து முளைக்கவைக்கக் கற்றனர். மரம் மட்டுமல்ல, புதரும் கொடியும் சேர்ந்ததே காடு என்பதும் அங்குதான் நடைமுறையானது. சென்னையிடம் மயூரநாதனின் பட்டியல் இருந்தது, வைட்டின் படங்கள் இருந்தன, கிண்டியில் செடிகளே இருந்தன. இல்லாதது நாற்றங்கால் ஒன்றுதான்.

கழிமுகத்தில் குப்பை அகற்றப்பட்டு, நீரோட்டம் சீராக்கப்பட்டு, ஓரங்களில் அலையாத்திச் செடிகளும் மேடுகளில் உலர் பசுமைமாறாக் காட்டின் செடிகளும் நடப்பட்டன. நடப்பட்டவை 170-க்கும் மேற்பட்ட இனங்கள். நீர்விளிம்பு, மணல்மேடு, மரநிழல் என்று இடத்துக்கேற்பச் செடி வேறுபட்டது. நிலத்தைத் திணையாகப் பிரித்து, அதனதன் கருப்பொருளைச் சொன்ன இலக்கண நூலின் பெயர் இப்பூங்காவுக்குப் பொருத்தமாகவே அமைந்தது. உல்லாசப் பூங்காவாக இல்லாமல், முன்பதிவு செய்து வரும் மாணவர்களுக்கும் பார்வையாளர்களுக்குமான கல்விப் பூங்காவாகவே இது நடத்தப்பட்டது. இதனால் செடிகள் மிதிபடாமல் தப்பின. ஆனால் சென்னையின் பெரும்பாலோர் இந்தப் பூங்காவை மதில்சுவராகவே அறிந்தனர்.

இதே காலகட்டத்தில் கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையின் குப்பைமேடு ஒன்றை ‘நிழல்’ அமைப்பின் தன்னார்வலர்கள் மரப்பூங்காவாக மாற்றினர். நாட்டு மரங்களுடன் புதர்களும் அங்கு இடம்பெற்றன. சுற்றுவட்டார மக்கள் நடக்கவும் அமரவும் வருவதால், பெயர்ப்பலகை பார்த்துச் செடியைக் கற்கும் இடமாக அது பயன்படுகிறது.

வர்தாவுக்குப் பின்

2016 டிசம்பர் 12 அன்று கரைகடந்த வர்தா புயல் சென்னையில் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. தெருவோரத் தூங்குமூஞ்சி, குல்மொகர், இயல்வாகை ஆகியவை பெருமளவில் விழுந்தன. நடைபாதைக் கல்லுக்கும் சாக்கடைக்கும் இடையில் வேர்விட முடியாத மரங்கள் அவை. கிண்டியிலும் பிரம்மஞான சபையிலும் சேதம் பெரிது. பின்வந்த விவாதத்தில் ‘நாட்டு மரம் நடுவோம்’ என்ற குரல் வலுத்தது. அதில் புதர் பற்றிய பேச்சு குறைவாகவே இருந்தது. காற்றுக்கு விழாத செடியைப் பற்றி யாருக்கும் கவலை எழுவதில்லை.

2020-இல் சென்னை மாநகராட்சி அடையாறு மண்டலத்தில் கோட்டூர்புரத்தில் மியாவாக்கி முறையில் அடர்காடு ஒன்றை நட்டது; பிற மண்டலங்களுக்கும் அம்முறை பரவியது. சிறு நிலத்தில் நாற்றுகளை மிக நெருக்கமாக நட்டு, ஒளிக்காக அவை போட்டியிட்டு விரைவாக உயரச் செய்யும் ஜப்பானிய முறை இது. பசுமை விரைவில் தெரியும். ஆனால் சோழமண்டலக் கரையின் காடு உயரத்துக்குப் போட்டியிடும் காடு அல்ல. வெயில் விழும் ஓரங்களில் கனிக்கும் காடு. நெருக்கி நட்ட மரங்களுக்கு அடியில் வெள்ளைப்பூலாவுக்கும் காரைக்கும் போதிய வெயில் கிட்டாது. கனிப்புதர்களின் கோணத்தில் பார்த்தால், மியாவாக்கி நடவின் ஓரங்களே அதன் நடுப்பகுதியைவிடப் பயனுள்ளவை.

விதையும் நாற்றும்

இச்செடிகளை வளர்ப்பதில் உள்ள தடைகள் பெரியவை அல்ல; ஆனால் தெரியாமல் செய்தால் தோல்வி உறுதி. உலர் பசுமைமாறாக் காட்டின் பல கனிகளில் விதை விரைவில் முளைப்புத்திறனை இழக்கும். காய்கறி விதைபோல உறையிலிட்டு வைத்து அடுத்த ஆண்டு விதைக்க முடியாது. கனிந்தவுடன் பறித்து, சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, மணல் கலந்த மண்ணில் உடனே விதைக்க வேண்டும். சதையோடு விதைத்தால் பூஞ்சை பிடிக்கும். பறவையின் வயிறு செய்யும் வேலையைக் கை செய்வதுதான் இது. இலந்தை, சூரை போன்றவற்றின் கெட்டி ஓட்டை மெல்லத் தட்டி விரிசல்விடச் செய்தால் முளைப்பு கூடும். முதலாண்டு வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. செடி அப்போது வேரை இறக்கிக்கொண்டிருக்கும். உடனடிப் பசுமை கேட்கும் வாடிக்கையாளருக்கு வணிக நாற்றங்கால்கள் இவற்றைக் காட்டாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

நடவுக்காலம் பருவமழைக்குச் சற்று முன், புரட்டாசி, ஐப்பசியில். அப்போது நட்டால் மழை முடிவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். கோடையில் நீரூற்றும் தேவை குறையும். தை மாதத்தில் நட்ட நாற்று அடுத்த எட்டு மாதமும் குடத்து நீரை நம்பியிருக்க வேண்டும்.

ஆண், பெண் சிக்கல் வெள்ளைப்பூலா, முட்சங்கன், வீரை ஆகியவற்றில் எழுகிறது. விதையிலிருந்து வந்த நாற்று ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. ஒரு வீட்டில் ஒரு நாற்று நட்டு, அது ஆணாக அமைந்தால் ஒருபோதும் காய்க்காது. பெண்ணாக அமைந்தாலும் சுற்றுவட்டாரத்தில் ஆண் செடி இல்லையென்றால் பூ மட்டுமே மிஞ்சும். காடு நிறைந்திருந்த காலத்தில் இது பிரச்சினையே அல்ல. தனித்தனிச் சுற்றுச்சுவர்களாகப் பிரிந்த நகரில் இதுவே முதற்பிரச்சினை. வட அமெரிக்க நாற்றங்கால்கள் ஐலெக்ஸ் வெர்டிசில்லாட்டாவின் ஆண், பெண் செடிகளைப் பதியன் மூலம் வளர்த்துத் தனிப்பெயரிட்டு, சில பெண் செடிகளுக்கு ஓர் ஆண் என்ற கணக்கில் விற்கின்றன. அங்கு ஒவ்வொரு பெண் வகைக்கும் அதே சமயத்தில் பூக்கும் ஆண் வகை எது என்றுகூடப் பட்டியல் உண்டு. வெள்ளைப்பூலாவுக்கு அத்தகைய வணிகம் உருவாகவில்லை. பூத்த செடியைப் பார்த்துக் குச்சி வெட்டி வேர்விடச் செய்வது அல்லது குறைந்தது ஐந்தாறு நாற்றுகளைச் சேர்த்து நடுவதே நடைமுறைத் தீர்வு.

மயிலாப்பூரின் சந்து வீட்டிலோ தியாகராய நகரின் அடுக்ககத்திலோ ஐந்தாறு புதர்களுக்கு இடமில்லை. அங்கு பொருத்தமானவை ஆண், பெண் பிரிவில்லாத செடிகள். குரங்குவெற்றிலை தொட்டியிலும் வளரும், வெட்டை ஏற்கும், மிளகளவில் செந்நிறக் கனி தரும். பொன்சாய் வளர்ப்போர் கார்மோனா என்ற பெயரில் விலைகொடுத்து வாங்கும் செடி இதுதான். சுவரோரம் முள் வேண்டுமென்றால் காரையோ சிறுகளாவோ போதும். பூங்கா, பள்ளி, கல்லூரி வளாகம் போன்ற இடங்களில் வெள்ளைப்பூலாவை ஒரே குழியில் இரண்டு மூன்று நாற்றாக நட்டு, ஒரே புதர்போல வளரவிடலாம். பூத்தபின் ஆண் செடியில் ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு மிகுதியை அகற்றினால், அடுத்த மழைக்குப்பின் பெண் கிளைகளில் வெண்கனிகள் நிறையும். கனி முழுதாகப் பழுக்கும் முன்பே சின்னான்கள் வரத்தொடங்கும் என்பதால், விதை வேண்டுவோர் சில கிளைகளுக்கு வலைத்துணி கட்டிவைப்பது வழக்கம்.